டைல்ஸில் கை வைக்காதீர்கள்

கன்சீல்டு சிஸ்டர்ன், அதாவது சுவருக்குள் பதிக்கும் ஃபிளஷ் தொட்டி, வேண்டாம் என்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்: ஒழுக ஆரம்பித்தால் சுவரை உடைக்க வேண்டும். பிளம்பர்கள் சிலரும் இதையே சொல்லி வீட்டுக்காரர்களைக் கலங்க வைக்கிறார்கள். உண்மை வேறு. சுவருக்குள் நிரந்தரமாகப் புதைந்திருப்பது பிளாஸ்டிக் தொட்டியும் அதன் குழாய்களும்தான். தொட்டிக்குள் தேய்கிற, அடைத்துக்கொள்கிற பாகங்கள் எல்லாமே நாம் அழுத்தும் பட்டன் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள திறப்பு வழியாக வெளியே வந்துவிடும். சுவிட்சர்லாந்தின் கெபரிட் நிறுவனம் 1964-இல் அறிமுகப்படுத்திய இந்த ஏற்பாட்டின் அடிப்படையே அதுதான். கழற்றிப் பார்த்த பிறகு, இந்தத் தொட்டியின் மீது எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. சில குறைகளும் கண்ணில் பட்டன.

எங்கள் வீட்டில் இருப்பது இரட்டைப் பட்டன் மாடல். ஃபிளஷ் செய்து வெகுநேரம் ஆன பிறகும் கழிவறைப் பீங்கானின் பின்பக்கத்தில் நூல் மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த நூலை அலட்சியம் செய்யக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி போனாலே ஒரு நாளைக்கு 288 லிட்டர். ஆயிரம் லிட்டர் மேல்தொட்டி மூன்றரை நாளில் காலி. லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளில் இந்தக் கணக்கு நன்றாகவே வலிக்கும்.

முதலில் பிளேட். மாடலைப் பொறுத்து அதை மேல்நோக்கித் தள்ளியோ, பக்கவாட்டில் நகர்த்தியோ எடுக்க வேண்டும். சிலவற்றில் அடியில் சின்னத் திருகாணி இருக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் டைல்ஸ் விளிம்பு உடையும். பிளேட் வந்ததும் பட்டன் தள்ளும் இரண்டு குச்சிகள், அவற்றைத் தாங்கும் சட்டம், அதற்குப் பின்னால் ஒரு பாதுகாப்பு மூடி. ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் செல்போனில் படம் பிடித்துவைத்தால், மாட்டும்போது எது எங்கே என்று தடுமாற வேண்டியதில்லை.

மூடியைக் கழற்றியவுடன் தெரிவது ஆங்கிள் காக். தொட்டிக்கு வரும் தண்ணீரை மட்டும் நிறுத்த உள்ளேயே ஒரு காக் வைத்திருக்கிறார்கள். வீடு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்தாமல் நிதானமாக வேலை செய்யலாம். இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கோளாறைக் கண்டுபிடிப்பதும் அந்தக் காக்கை வைத்துத்தான். தண்ணீர் நிற்காமல் போவதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று, அடியில் இருக்கும் ஃபிளஷ் வால்வின் வாஷர் சரியாக அமராதது. மற்றொன்று, தண்ணீர் நிரப்பும் இன்லெட் வால்வு மூடாமல், மட்டம் ஏறி, ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் பீங்கானுக்குள் வழிவது. காக்கை மூடிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மட்டம் தொடர்ந்து இறங்கினால் வாஷர். ஓவர்ஃப்ளோ விளிம்பில் நின்று, வழிவதும் நின்றுபோனால் இன்லெட் வால்வு. இந்தச் சோதனையைச் செய்யாமல் இரண்டையும் மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

பாகம் எதுவும் வாங்காமலே சரியாகிற சாத்தியமும் உண்டு. பட்டன் குச்சிகள் தேவைக்கு அதிகமாக நீண்டிருந்தால், பிளேட்டை மாட்டியதும் அவை வால்வை லேசாகத் தூக்கியபடியே நிற்கும். பிளேட்டைக் கழற்றியதும் ஒழுகல் நின்றுவிட்டதா? அப்படியானால் குச்சியின் நீளத்தைச் சற்றுக் குறைத்தால் போதும்.

எங்கள் வீட்டில் கெட்டது வாஷர். இன்லெட் வால்வைப் பக்கவாட்டில் விலக்கி, லீவர் அமைப்பை எடுத்து, ஃபிளஷ் வால்வின் பிடிப்பை விடுவித்து மேலே தூக்க வேண்டும். திறப்பு குறுகல், பெரிய கைக்காரர்களுக்குச் சிரமம்தான். வால்வை அப்படியே நேராக இழுத்தால் வராது. சாய்த்து, திருப்பி, சில மாடல்களில் இரண்டாகப் பிரித்து எடுக்க வேண்டும். பிடிப்பைத் தொடும் முன் தொட்டியை ஃபிளஷ் செய்து காலி செய்துவிடுங்கள். வால்வு வெளியே வந்ததும் அடித்துளையைத் துணியால் அடைப்பது நல்லது. திருகாணி ஒன்று உள்ளே விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு.

வாஷரின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்பு. போர் தண்ணீர் வரும் வீடுகளில் இதை எதிர்பார்க்கலாம். வால்வு உட்காரும் வளையத்திலும் அதே படிவு. புது வாஷர் போட்டும் ஒழுகுகிறது என்று புலம்புகிறவர்கள் பலரும் தவறவிடுவது அந்த வளையத்தைத்தான். வினிகரில் நனைத்த துணியை அதன்மேல் வைத்து ஊறவிட்டு, மெதுவாகத் துடைக்க வேண்டும். உப்புத்தாளோ கத்தியோ கூடாது. ஒரு கீறல் விழுந்தால் அதுவே நிரந்தர ஒழுகல். கடையில் வாஷர் உடனே கிடைக்கவில்லையென்றால், பழையதைக் கழற்றித் திருப்பிப் போடலாம். பல மாடல்களில் இது சில காலம் தாங்கும். ரப்பருக்கு வாசலின், எண்ணெய் தடவாதீர்கள், ஊதிவிடும். தேவையென்றால் சிலிகான் கிரீஸ். தொட்டிக்குள் குளோரின் கட்டி போடும் பழக்கமும் வாஷரைச் சீக்கிரம் கெடுக்கும்.

இன்லெட் வால்வு கோளாறு இன்னும் சுலபம். மேல்தொட்டி வண்டல் வந்து அதன் சல்லடையிலும், உள் வாஷரில் இருக்கும் ஊசித் துளையிலும் அடைத்துக்கொள்ளும். கழுவினாலே பாதிக் கோளாறு தீர்ந்துவிடும்.

இனி குறைகள். உள்ளே ஒரு பாகத்தின் மீதும் மாடல் எண் தெளிவாக இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி வாஷர் அளவு மாறுவதால், கடைக்காரரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டால் மட்டும் போதாது. பழையதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சில கம்பெனிகள் வாஷரைத் தனியாகத் தராமல் முழு வால்வையும் வாங்க வைக்கின்றன. ரப்பர் வளையம் ஒன்றுக்காக நல்ல வால்வைத் தூக்கிப்போடச் சொல்வதை நான் ஏற்கவில்லை. புது வீடு கட்டுகிறவர்கள் பிளேட்டின் அழகைப் பார்ப்பதற்கு முன் டீலரிடம் ஒன்று கேட்க வேண்டும்: வாஷரும் இன்லெட் வால்வும் தனித்தனியாக இந்த ஊரில் கிடைக்குமா? இல்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

ஒழுகும் தண்ணீர் பீங்கானுக்குள் விழாமல் சுவரிலோ தரையிலோ ஈரமாகக் கசிந்தால் மட்டும் கதை வேறு. அது தொட்டியிலிருந்து பீங்கானுக்கு வரும் குழாய் இணைப்பாக இருக்கலாம். சுவரில் தொங்கும் மாடலாக இருந்தால், அப்போதும் முதலில் பீங்கானின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி இணைப்பு ரப்பரைப் பாருங்கள். சுத்தியலை எடுப்பது அதற்குப் பிறகுதான்.