பூட்டிய அறைக்குள் யார்?

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஆன் ராட்கிளிஃப், எலிசா பார்சன்ஸ் போன்ற ஆங்கிலேயப் பெண்கள் எழுதிய திகில் நாவல்களை இன்று எடுத்துப் பார்ப்பவர் ஐம்பது பக்கத்திலேயே மூடிவிடக்கூடும். பாழடைந்த கோட்டை, ஆதரவற்ற பெண், கொடிய சித்தப்பா, நள்ளிரவு முனகல் எல்லாமே எங்கோ பார்த்ததாகத் தோன்றும். பார்த்தது உண்மைதான், பின்னால் வந்த பேய்க்கதைகளும் பேய்ப்படங்களும் இங்கிருந்து நிறைய எடுத்துக்கொண்டன. ஆனால் சலிப்புக்கு அது மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு நாவலையும் தனியே எடுத்து, இதுவரை யாரும் சொல்லாததை அது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இவையோ வரிசையாக இரவல் வாங்கி, போன கதையில் இருந்த கோட்டை இந்தக் கதையில் என்ன ஆனது என்று ஒப்பிட்டுப் படித்தவர்களுக்காக எழுதப்பட்டவை. நாமும் அப்படிப் படித்தால்தான் ருசி பிடிபடும்.

அன்று புது நாவல் விலை அதிகம். நடுத்தரக் குடும்பத்தார் சந்தா கட்டி வாடகை நூலகத்தில் எடுப்பதே வழக்கம். லண்டன் லெடன்ஹால் தெருவில் மினர்வா பிரஸ் நடத்திய வில்லியம் லேன் இதை நன்றாகப் புரிந்துகொண்ட வியாபாரி. நாவல்களை அச்சிட்டார், சொந்த நூலகத்தில் வாடகைக்கு விட்டார், வெளியூரில் நூலகம் தொடங்க நினைத்தவர்களுக்குப் புத்தகங்களை மொத்தமாகவும் அனுப்பினார். அவருக்கு எழுதிக்கொடுத்த பெண்கள் ஏராளம். ஒரு நாவலை மூன்று பாகமாக அச்சிட்டால் ஒரே பிரதி ஒரே சமயத்தில் மூன்று வீடுகளில் இருக்கலாம். அடுத்த பாகத்துக்கு வாசகர் மறுபடி நூலகத்துக்கு வந்தாக வேண்டும். ஆகவே பாகம் எந்த இடத்தில் முடிகிறது என்று கவனியுங்கள். மினர்வாவுக்கு வெளியே வந்த நாவல்களும் இதே கணக்கில்தான் கட்டப்பட்டன. ராட்கிளிஃபின் 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடோல்ஃபோ' (1794) நான்கு பாகம். அதில் நாயகி எமிலி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். அவள் கண்டது என்ன என்பது கடைசிப் பாகத்தில்தான் வெளிப்படுகிறது. வாரப் பத்திரிகையில் 'தொடரும்' என்ற சொல்லைப் பார்த்துப் பல்லைக் கடித்த தமிழ் வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். நடுவே மலையும் மாலை வெயிலுமாகப் பக்கம் பக்கமாக வரும் வருணனையைத் தாவிப் போய்விடாதீர்கள். அதை எழுதியபோது ராட்கிளிஃப் கதையில் வரும் இத்தாலியைக் கண்ணால் கண்டவரல்லர். பிறரின் பயண நூல்களிலிருந்து அவர் எழுப்பிய நிலம் அது. திகிலைத் தள்ளிப்போட அவர் கையாண்ட வழியும் அதுவே. தள்ளிப்போடப்போடத்தான் திகில் முற்றுகிறது.

இனி ஒப்பிடும் வேலை. ராட்கிளிஃபின் 'எ சிசிலியன் ரொமான்ஸ்' (1790) நாவலில் கோட்டையின் ஆளில்லாத பகுதியில் விளக்கு அசைகிறது, பெருமூச்சு கேட்கிறது. அங்கே இருப்பவள் இறந்துவிட்டதாக மகள்கள் நம்பியிருந்த தாய், அடைத்துவைத்தவர் தந்தை. பார்சன்ஸின் 'தி காஸில் ஆஃப் வுல்ஃபென்பாக்' (1793) நாவலில் ஆவி உலவுவதாக நம்பப்படும் பகுதியில் உயிரோடு இருப்பவள், கணவன் சிறைவைத்த சீமாட்டி. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே'யில் இத்தகைய நாவல்களில் ஊறிய கேத்தரின், தனக்கு விருந்தளிக்கும் ஜெனரல் டில்னியும் மனைவியைக் கொன்றிருப்பார் அல்லது பூட்டி வைத்திருப்பார் என்று சந்தேகித்து அவமானப்படுகிறாள். ஆனால் அவளிடம் சொத்தில்லை என்று தெரிந்ததும் அதே ஜெனரல் அவளைத் துணையின்றி வீட்டுக்குத் துரத்துகிறார். ஊகம் தவறு, ஆளைப் பற்றிய கணிப்பு அவ்வளவு தவறில்லை. வாய்பாடு ஒன்றுதான், ஒவ்வொருவர் கையிலும் அது வேறு வேலை செய்கிறது.

பேய் என்று பயந்தது பேயில்லை, பூட்டப்பட்ட மனைவி என்று தெரியும்போது பயம் போய்விடுவதில்லை; பேயிடமிருந்து கணவனிடம் இடம் மாறுகிறது. உடோல்ஃபோவின் வில்லன் மோண்டோனி முதலில் மனைவியிடமும் அவள் இறந்தபின் எமிலியிடமும் கேட்பது சொத்துப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து. மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்கே சொந்தம் என்ற சட்டம் நடப்பில் இருந்த நாட்டில் இது வெறும் கற்பனையாகப் படிக்கப்பட்டிருக்காது. ஷார்லட் ஸ்மித் 1787-ல் கணவரைப் பிரிந்து, பிள்ளைகளைக் காப்பாற்ற நாவல் எழுதினார். அந்த வருமானத்திலும் கணவருக்குச் சட்டப்படி பாத்தியதை இருந்தது. மாமனார் எழுதிய உயில் மீதான வழக்கு 1806-ல் ஸ்மித் இறந்த பிறகும் இழுத்தது. அவருடைய 'தி ஓல்ட் மேனர் ஹவுஸ்' (1793) நாவலில் உயில் ஏன் அத்தனை முக்கியம் என்று கேட்க வேண்டியதில்லை. உடோல்ஃபோவுக்கு ராட்கிளிஃப் பெற்றது 500 பவுண்டு. பின்னாளில் 'நார்த்தாங்கர் அபே' ஆன கையெழுத்துப் பிரதிக்கு 1803-ல் ஆஸ்டின் பெற்றது 10 பவுண்டு. வாங்கிய பதிப்பாளர் அதை வெளியிடவேயில்லை. திரும்ப வாங்கிய பிறகு, ஆஸ்டின் இறந்த 1817-ன் கடைசியில்தான் அச்சானது.

இதெல்லாம் சமூக வரலாறு, ரசனை அல்ல என்று ஒருவர் சொல்லலாம். திகில் கதையில் பயம் எங்கே போய் நிற்கிறது என்பது ரசனைக் கேள்விதான். சட்டத்தை அறிந்தவருக்கு அது கூர்மையாகத் தெரிகிறது, அவ்வளவே. ஆஸ்டினே இவற்றைக் கிண்டல் செய்தாரே என்பது இன்னொரு வாதம். அதே நாவலில் கதையை நிறுத்திவிட்டு நாவல் என்ற வடிவத்துக்காக வாதாடியவரும் அவர்தான். அங்கே அவர் பெயர் சொன்னவை பர்னி, எட்ஜ்வர்த் நாவல்கள், மினர்வா சரக்கல்ல என்பது சரி. ஆனால் அவர் பாத்திரம் ஒப்பிக்கும் ஏழு திகில் நாவல்களில் ஆறு மினர்வா வெளியீடு. நன்றாகப் பரிச்சயமில்லாத ஒன்றை அத்தனை துல்லியமாகக் கிண்டல் செய்ய முடியாது. பலவற்றின் நடை மட்டம் என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் மறுக்கமாட்டேன். கணவரை இழந்து, பல பிள்ளைகளோடு பிழைப்புக்காக எழுதிய பார்சன்ஸின் அவசரம் வுல்ஃபென்பாக்கின் பின்பாதியில் தெரிகிறது; தற்செயல்கள் குவிகின்றன. அங்கே வேகமாகப் படியுங்கள், தப்பில்லை.

சிறியதான வுல்ஃபென்பாக்கில் தொடங்குங்கள். அடுத்து உடோல்ஃபோ, ஒவ்வொரு பாகத்துக்கும் இடையில் சில நாள் விட்டு. 'நார்த்தாங்கர் அபே'யை அதற்குப் பிறகே எடுங்கள். உடோல்ஃபோவை முடிக்கும்வரை, கறுப்புத் திரைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று இணையத்தில் மட்டும் தேடிவிடாதீர்கள்.