கண்ணப்ப நாயனார் புராணத்தில் நாட்டார் வழிபாடு: காளத்தி, வேங்கடப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

பழந்தலங்களின் சமய வரலாற்றை ஆராய்வோர் பலர் ஓர் எடுகோளுடனேயே தம் ஆய்வைத் தொடங்குகின்றனர். நாட்டார் தெய்வம் முந்தியது, பெருஞ்சமயம் பிந்தியது, பிந்தியது முந்தியதை உள்வாங்கிக்கொண்டது என்பதே அவ்வெடுகோள். எம். என். சீனிவாஸ் குடகு மக்களைப் பற்றிய தம் நூலில் (1952) விளக்கிய சமஸ்கிருதமயமாக்கம் என்னும் கருத்தாக்கமும் இதற்குத் துணையாக எடுத்தாளப்படுகிறது. காளத்தியில் ஊன் படைத்த வேடர் நாயனாராகப் போற்றப்பட்ட வரலாறு இதற்குப் பொருத்தமான சான்றாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயினும் ‘உள்வாங்கல்’ என்னும் ஒரு சொல் பலவகை நிகழ்வுகளை வேறுபாடின்றி மூடிவிடுகிறது. ஒரு வழிபாட்டில் இடம், பெயர், செயல், செய்பவர் என நான்கு கூறுகள் உள்ளன. இவற்றுள் எது நிலைத்தது, எது மாறியது, எது வெளியே நிறுத்தப்பட்டது என்று தனித்தனியே வினவும்போதுதான் உண்மை நிலை புலப்படும். இவ்வளவுகோலைக் கொண்டு சேக்கிழாரின் கண்ணப்ப நாயனார் புராணத்தை அணுகி, அது நாட்டார் வழிபாட்டின் எக்கூற்றை ஏற்றது, எக்கூற்றை விடையின்றி விட்டது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேங்கடப் பகுதியின் பழமை

முன்பு சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 2022இல் உருவான திருப்பதி மாவட்டத்தில் இன்று இடம்பெறும் திருமலை, காளத்தி, குடிமல்லம் ஆகியவை தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழி மரபுகளும் உரிமை பாராட்டும் தலங்கள். தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகக் குறிக்கிறது. அகநானூற்றின் 61ஆம் பாடலில் மாமூலனார், கள்வர் தலைவனாகிய புல்லியின் வேங்கடத்தை விழாக்கள் மிக்க சிறப்புடைய ஊராகப் பேசுகிறார். அவ்விழா எத்தெய்வத்திற்கு உரியது என்பதை அவர் கூறவில்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வேங்கடத்தில் நிற்பவன் திருமால் என்பது தெளிவாகிறது. பேயாழ்வாரோ அம்மலையில் இருவர் உருவமும் ஒன்றிய கோலத்தைக் காண்கிறார்.

மாமூலனார் விட்டுச்சென்ற இடைவெளியில் பிற்கால ஆய்வாளர்கள் தத்தமக்கு உகந்த தெய்வத்தை நிறுவ முயன்றுள்ளனர். முருகன் என்பாரும் சிவன் என்பாரும் கொற்றவை என்பாரும் உளர். பாடல் பெயரிடாத ஒன்றைப் பெயரிட்டுக் காட்டுவது சான்றாகாது. பாடல் உறுதியாகத் தெரிவிப்பது விழா இருந்தது என்பதை மட்டுமே.

ஏர்ப்பேடு அருகிலுள்ள குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயில் இலிங்கமும் இவ்வாறானதே. ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள அவ்விலிங்கத்தின் முன்புறத்தில், குள்ள உருவம் ஒன்றின் தோள்மீது நிற்கும் ஆணுருவம் செதுக்கப்பட்டுள்ளது. ஒரு கையில் தலைகீழாகத் தொங்கும் விலங்கும், மறு கையில் சிறு கலமும், தோளில் கோடரியும் உள்ளன. தி. அ. கோபிநாத ராவ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை அறிஞருலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். இதன் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. தொடக்க நூற்றாண்டுகள் வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. இதனைச் சூழ்ந்துள்ள தூங்கானை வடிவக் கோயில் காலத்தால் மிகப் பிந்தியது. வேடனைப் போன்ற இவ்வுருவைக் கண்ணப்பர் கதையின் மூலம் எனக் கொள்ள இடமில்லை. எனினும் வேட்டுவக் கோலமும் சிவ வழிபாடும் பொன்முகலிப் படுகையில் சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே ஒருங்கே நின்றன என்பதற்கு இது கல்லில் அமைந்த சான்று.

புராணத்தில் வேடர் சடங்குகள்

தேவார மூவரும் காளத்தியைப் பாடியுள்ளனர். 11ஆம் திருமுறையில் நக்கீரதேவர், கல்லாடதேவர் ஆகிய இருவர் பெயரிலும் திருக்கண்ணப்பதேவர் திருமறம் என்னும் அகவல்கள் இடம்பெற்றுள்ளன. எனினும் வேடரின் பிறப்பு முதல் வீடு வரையிலான வாழ்வை முழுமையாக விரித்துரைத்தவர் 12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழாரே.

அவ்விரிவில் நாட்டார் வழிபாடு பெறும் இடம் குறிப்பிடத்தக்கது. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வாழும் நாகனும் தத்தையும் மகப்பேறு வேண்டி முருகன் முன்றிலில் சேவலும் மயிலும் விட்டு, தோரணம் கட்டி, குரவையாடி விழா எடுக்கின்றனர். அவ்வேண்டுதலின் பயனாகவே திண்ணன் பிறக்கிறான். அவன் வில்லேந்தி வேட்டைத் தலைமை ஏற்கும் நாளில் நாகன் தேவராட்டியை அழைத்துக் காட்டுத் தெய்வங்களுக்குப் பலியூட்டச் செய்கிறான். அம்முதியவள் வாழ்த்தி அனுப்புகிறாள். இவற்றைக் கூறுமிடத்துச் சேக்கிழாரிடம் எள்ளலும் இல்லை, இழிப்பும் இல்லை. வேடர் தலைமைக்கு உரிய நெறி இதுவென்றே அவர் காட்டுகிறார். நாட்டார் சடங்கை மறைத்துவிட்டுத் தம் சமயத்தை நிறுவும் நோக்கம் அவருக்கு இருந்திருப்பின் இப்பகுதிகளுக்குத் தேவையே இராது.

வெறியாட்டு மரபும் தேவராட்டியும்

காளத்தி மலைமேல் குடுமித்தேவரைக் கண்ட திண்ணனின் நிலை மாறுகிறது. உடன்வந்த நாணனும் காடனும் அம்மாற்றத்தைத் தெய்வப் பித்தாகக் கருதுகின்றனர். தேவராட்டியையும் நாகனையும் அழைத்துவந்து இதனைத் தீர்க்கவேண்டும் என முடிவு செய்கின்றனர். அவ்வாறே செய்தியறிந்த நாகன் ஊணும் உறக்கமுமின்றி அணங்கேறிய அப்பெண்ணை உடன் அழைத்து வருகிறான். இருவரும் திண்ணனின் மனத்தை மாற்றப் பலவாறு முயன்று, இயலாமல் கைவிட்டுத் திரும்புகின்றனர். இச்செய்தி மிகச் சுருக்கமாகக் கூறப்படுவதால் பெரும்பாலான உரைகளில் முக்கியத்துவம் பெறுவதில்லை.

இந்நிகழ்ச்சியின் அமைப்பு சங்க அக மரபிலிருந்து பெறப்பட்டது எனலாம். குறிஞ்சித் திணைப் பாடல்களில் தலைவியின் மெலிவைக் கண்ட தாய், அது முருகணங்கு என எண்ணி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். காரணம் காதல் என்பதைத் தலைவியும் தோழியும் மட்டுமே அறிவர். அகநானூற்றின் 22ஆம் பாடலில் வெறிபாடிய காமக்கண்ணியார் இந்நிலையை நகைச்சுவை தோன்றப் புனைந்துள்ளார். வெறியாட்டு தோற்கும்போதுதான் காதல் உண்மையெனத் தெளிவாகிறது.

சேக்கிழார் இதே அமைப்பைப் பக்திக்கு ஏற்றுகிறார். தாயின் இடத்தில் தந்தையும், வேலனின் இடத்தில் தேவராட்டியும், காதலின் இடத்தில் அன்பும் நிற்கின்றன. நோய் தீரவில்லை, தீராமையே அன்பின் உண்மைக்குச் சான்றாகிறது. எனவே தேவராட்டியின் தோல்வியை வைதிகம் நாட்டார் சமயத்தின்மீது கொண்ட வெற்றியாக மட்டும் படிப்பது குறையுடையது. இலக்கிய மரபு ஒன்று இங்குத் தன் பணியைச் செய்துள்ளது.

இரு மறுப்பு, ஒரு விடை

அதே வேளையில் அவ்விலக்கிய மரபு முழு விளக்கமும் ஆகாது. திண்ணனின் வழிபாட்டைக் கண்டு கலங்குவோர் இரு தரப்பினர். ஒருவர் ஆகமவழிப் பூசை செய்யும் சிவகோசரியார். மற்றொருவர் வேடர் சடங்கிற்கு உரிய தேவராட்டி. ஊன் கிடப்பது கண்டு வருந்தும் சிவகோசரியாருக்கு இறைவன் கனவில் தோன்றி விடையளிக்கிறான். வேடனின் வாய்நீரும் மென்று சுவைத்த ஊனும் தனக்கு எத்துணை இனியவை என்று விளக்குகிறான். மறைந்திருந்து காணும்படியும் பணிக்கிறான். ஆறாம் நாள் கண் அப்பும் காட்சியை நேரில் காணும் பேறு அவருக்குக் கிடைக்கிறது. தேவராட்டிக்குக் கனவு இல்லை, விளக்கம் இல்லை, காட்சியும் இல்லை. அவள் கதையை விட்டு நீங்குகிறாள்.

இவ்வேறுபாட்டை இருவகையில் மதிப்பிடலாம். முதலாவதாக, புராணம் உரையாட விரும்பியது ஆகம மரபினரோடு. அன்பு சடங்கினும் உயர்ந்தது என்பதை அறிய வேண்டியவர் அவர்களே. இரண்டாவதாக, நாட்டார் வழிபாட்டிலிருந்து ஆண் வேடனின் செயல் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, பெண்ணின் சடங்குரிமை விடப்பட்டது.

எடுத்துக்கொள்ளப்பட்ட செயலின் நிலையும் நோக்கற்குரியது. ஊன் படையல் இறைவாக்கால் உயர்த்தப்படுகிறது. ஆனால் ஆறு நாளுக்குள் அது நிறைவுற்று, கண்ணப்பர் இறைவனின் வலப்பக்கத்தில் நிலைபெறுகிறார். அவருக்குப் பின் அப்படையலைத் தொடர்வார் எவரும் கதையில் இல்லை. செயலுக்கு மதிப்பு உண்டு. அது முன்மாதிரி ஆவதில்லை. செய்பவர் ஏற்கப்பட்டார், செயல் காப்பியத்திற்குள் பாதுகாக்கப்பட்டது. தெலுங்கில் தூர்ஜடியின் காளஹஸ்தி மாஹாத்மியமும் திண்ணனின் கதையைப் போற்றுகிறது.

தேவாலய மரபு: ஓர் ஒப்பீடு

பழந்தலத்தின்மீது புதிய சமயம் அமர்வது இந்நிலத்திற்கு மட்டும் உரியதன்று. கிறித்தவம் ஐரோப்பாவில் பரவியபோது திருத்தந்தை முதலாம் கிரகோரி இதனை ஒரு கொள்கையாகவே வகுத்தார். இங்கிலாந்துப் பணிக்குச் சென்ற மெல்லிட்டசுக்கு அவர் 601இல் எழுதிய கடிதத்தை, பீட் தம் திருச்சபை வரலாற்றில் பாதுகாத்துள்ளார். பழங்கோயில்களை இடிக்கலாகாது, உள்ளிருக்கும் உருவங்களை மட்டும் அழித்து, புனித நீர் தெளித்து, பீடம் அமைக்கவேண்டும், மாடுகளைப் பலியிடும் நாள்களைப் புனிதர் விழாவின் விருந்து நாள்களாக மாற்றவேண்டும் என்பது அதன் கருத்து. உரோமையின் பாந்தியன் கோயில் 609இல் தேவாலயமானது இத்தகைய மாற்றத்திற்குப் புகழ்பெற்ற சான்று. இங்கு இடம் நிலைக்கிறது, உருவமும் பெயரும் நீங்குகின்றன, பலி விருந்தாகிறது.

தமிழகத்தில் தேவாலயம் வேறொரு நெறியை மேற்கொண்டது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சந்திரகிரியில் வேங்கடபதி ராயரின் அவைக்கு இயேசு சபையினர் வந்தபோது அவர்கள் அரசரின் ஆதரவை நாடி நின்றவர்கள். இத்தகைய சூழலில் பழந்தலத்தை மாற்றும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் எழுப்பிய ஆலயத்தில் மரியன்னை பெரியநாயகி எனப் பெயர் பெறுகிறார். அருகிலுள்ள விருத்தாசலத்துச் சிவன் கோயில் அம்மையின் பெயரும் பெரியநாயகியே. இடம் புதிது, பெயர் அந்நிலத்திற்குப் பழகியது. கிரகோரி பெயரை விடுத்து இடத்தைக் கொண்டார்; கோணான்குப்பம் இடத்தை விடுத்துப் பெயரைக் கொண்டது. காளத்தியில் இடமும் இறையுருவும் மாறவில்லை. செய்பவரே மாற்றமுற்று உயர்த்தப்பட்டார். இவை மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பது ஆய்வுக்கு உதவாது.

கங்கம்மா விழா காட்டுவது

புராணம் விடையின்றி விட்ட கூறு அப்பகுதியின் வழக்காற்றில் அழியவில்லை. திருப்பதியில் ஆண்டுதோறும் மே மாதத்தில் நிகழும் தாத்தையகுண்ட கங்கம்மா விழா இதனை உணர்த்துகிறது. பெண்களை வன்கொடுமைக்கு உட்படுத்திய பாளையக்காரனை அழிக்க எழுந்த கங்கம்மா, ஒளிந்துகொண்ட அவனை வெளிக்கொணரப் பல வேடம் புனைந்து தேடினாள் என்பது மரபுக்கதை. அதனை நினைந்து பைராகி, பண்ட, தோட்டி, தொர, மாதங்கி எனப் பல வேடங்கள் நாள்முறையில் புனையப்படுகின்றன. ஆண்கள் சேலையுடுத்திப் பெண் கோலம் கொள்வது இவ்விழாவின் தனிச்சிறப்பு. ஜாய்ஸ் பிளூக்கிகர் 2013இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். எல்லை கடந்து குடியாத்தத்தில் வைகாசியில் நிகழும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவும் தமிழ் வாசகர் நன்கறிந்தது.

கங்கம்மா வேங்கடவனின் தங்கை எனப்படுகிறாள். விழாவின்போது திருமலையிலிருந்து அவளுக்குச் சீர் வருகிறது. இங்குப் பெண் தெய்வத்தின் இடமும் பெயரும் சடங்கும் அவளுக்கே உரியனவாக நிற்கின்றன. பெருங்கோயில் அவளை உட்கொள்ளவில்லை. உறவு கூறி அருகில் ஏற்கிறது. தேவராட்டிக்குக் காளத்தியில் கிடைக்காத விடை, அண்ணன் தங்கைக்கு அனுப்பும் சீராகத் திருப்பதியில் கிடைக்கிறது எனலாம். இதனை வரலாற்றுத் தொடர்ச்சியாகக் கொள்ளவேண்டியதில்லை. ஒரே நிலம் இருவேறு தீர்வுகளைக் கண்டது என்பதே கருதத்தக்கது.

முடிவுரை

சித்தூர்ப் பகுதியும் சென்னை மாநிலத்தில் அடங்கியிருந்த 1950இல் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. தமிழகத்தில் 2003இல் அச்சட்டம் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டு, எதிர்ப்புக்குப்பின் 2004இல் நீக்கப்பட்டது. இத்தகைய விவாதங்களில் கண்ணப்பரை இரு தரப்பினரும் தம் சார்பில் அழைத்தல் எளிது. ஊன் படையலுக்குப் புராணம் ஒப்புதல் அளித்தது என்பதும், அதனைக் கடந்துசென்றது என்பதும் பாதி உண்மைகளே. சேக்கிழார் சடங்கிற்குத் தீர்ப்பு வழங்கவில்லை. அன்புக்குச் சாட்சி கூறினார். வழக்காற்றின் உரிமையை வழக்காற்றிடமே கேட்டறிய வேண்டும்.

இவ்வாய்வின்வழி மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. நாட்டார் வழிபாட்டைப் புராணம் மறைக்கவில்லை. மதிப்புடன் பதிவு செய்துள்ளது. தேவராட்டியின் தோல்வி வெறியாட்டு மரபின் வழி அமைந்தது. ஆயினும் அவளுக்கு விடையளிக்கப்படாமை புராணத்தின் கேட்போர் யார் என்பதைக் காட்டுகிறது. ‘உள்வாங்கல்’ என்னும் பொதுச்சொல்லினும் இடம், பெயர், செயல், செய்பவர் என்னும் பகுப்பு தலவரலாற்று ஆய்வுக்குப் பயனுடையது. பிற தலபுராணங்களையும் இந்நோக்கில் ஆராயும்போது, மலையேறிய வேடனோடு மலையடிவாரத்திலிருந்து திரும்பிப்போன முதியவளும் தமிழிலக்கிய வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.