ஆனந்தரங்கரின் ஏடும் நம் பிள்ளைகளும்

புதுச்சேரி மிஷன் வீதியில் நிற்கும் அமலோற்பவ அன்னை பேராலயத்தை ஊர் மக்கள் இன்றும் 'சம்பா கோயில்' என்றே அழைக்கின்றனர். தூய பவுலின் பெயரே மக்கள் நாவில் தேய்ந்து 'சம்பா' ஆயிற்று என்பர். இப்பொழுதுள்ள ஆலயம் 1791 இல் எழுந்தது. அதற்கு முன் அங்கே இருந்த இயேசு சபையாரின் ஆலயத்தை ஆங்கிலேயர் 1761 இல் தகர்த்தனர். அந்தப் பழைய ஆலயத்திற்குள் என்ன நடந்தது என்பதை நமக்கு உயிரோட்டமாகச் சொல்லும் சாட்சிகளுள் ஒருவர் கிறிஸ்தவர் அல்லர். அவர்தாம் ஆனந்தரங்கப் பிள்ளை.

1709 இல் பிறந்து 1761 இல் மறைந்த இவர் பெருவணிகர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷி. 1736 இல் தொடங்கி இறக்கும் காலம் வரை இவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு 1846 இல்தான் வெளியுலகிற்குத் தெரியவந்தது. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்த இந்நூல், 1948 இல் தொடங்கித் தமிழிலும் அச்சேறியது. பள்ளிப் பாடநூல்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கிறது. 'முக்கியச் சான்று' என்று மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். சான்று என்ன சொல்கிறது என்பதை ஒருவரும் படிப்பதில்லை. பழத்தின் பெயரை எழுதத் தெரிந்த பிள்ளை அதைச் சுவைத்திராதது போன்ற கல்வி இது.

இக்குறையை ஒரு பங்கின் மறைக்கல்வி வகுப்பிலாவது நீக்கிப் பார்க்கலாம் என்று எண்ணினோம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த நாட்குறிப்பிலிருந்து இரண்டே பகுதிகளைக் கொடுத்தோம். அந்த அனுபவத்தைக் கொண்டு இந்த ஏட்டையும், ஏடுகளைக் கொண்டு வரலாறு கற்பிக்கும் முறையையும் இங்கே மதிப்பிட விரும்புகிறோம்.

முதற்பகுதி 1745 அக்டோபர் மாதத்தது. சம்பா கோயிலின் உட்புறத்தில், பறையர் எனப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து நிறுத்த வடபக்கத்தில் ஒரு சுவர் இருந்தது. அந்த மக்கள் பெரிய குருவிடம் சென்று முறையிட்டனர். நாங்களும் உம் சீடர்கள்தாம் என்றால் எல்லாரையும் ஒன்றாக நடத்த வேண்டாமா, ஆண்டவர் தம்மை வழிபடுவோரிடையே வேற்றுமை வைக்கவில்லையே என்பது அவர்கள் வாதத்தின் சாரம். காரைக்காலிலிருந்து வந்திருந்த குரு ஒருவர் அவர்களுக்குத் துணை நின்றார். சுவர் இடிக்கப்பட்டது. உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் சினந்தெழுந்ததையும் பிள்ளை எழுதுகிறார்.

படித்து முடித்ததும் வகுப்பில் சிறிது நேரம் அமைதி. பிறகு ஒரு மாணவன் கேட்டான்: "இதை எழுதியவர் நம்மவர் இல்லையே. நம்மைப் பற்றித் தப்பாக எழுதியிருக்க மாட்டாரா?" நாம் எதிர்பார்த்ததைவிட நல்ல கேள்வி இது. இங்கேதான் வரலாற்றுக் கல்வி தொடங்குகிறது. எழுதியவர் யார், எங்கே நின்று பார்த்தார், அவருக்கு இதில் என்ன இலாபம் என்று பாடநூலிடம் எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. பாடநூல் யாருமே எழுதாத நூல்போல் பேசுகிறது. நாட்குறிப்போ ஒரு மனிதரின் கை. அதில் அவருடைய அன்பும் பகையும் ஒட்டியிருக்கின்றன.

அந்த மாணவனுக்கு நாம் உடனே விடை கூறவில்லை. மற்றொரு கேள்வியைத் திருப்பிக் கேட்டோம். முறையிட்ட மக்களின் மேல் பிள்ளைக்குப் பரிவு இருந்திருக்குமா? அவரும் தம் காலத்துச் சாதி ஒழுங்கை ஏற்றவர். அவர்களுக்காகப் பரிந்து பேச அவருக்கு எக்காரணமும் இல்லை. ஆயினும் அவர்களின் வாதம் அவர் ஏட்டில் வலிமை குன்றாமல் நிற்கிறது. விரும்பாத ஒருவரின் எழுத்திலும் தன் நியாயத்தை இழக்காத குரலை நம்பலாம் என்று பிள்ளைகளே ஒரு முடிவுக்கு வந்தனர். அதே வேளையில், அந்த மக்கள் தம் கையால் எழுதிய ஒரு வரியும் நம் முன் இல்லை என்ற துயரமும் அவர்களுக்குப் புரிந்தது. ஏட்டில் இருப்பதைப் படிப்பதோடு, ஏட்டில் இடம் பெறாதவர் யார் என்று தேடுவதும் வரலாறே.

அந்த ஆண்டின் இறுதியில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் சேர்த்துச் சொன்னோம். பிள்ளைக்கு முன் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் கத்தோலிக்கர். 1739 இல் இறந்த தம் மகனின் நினைவாக ஒழுகரையில் ஆலயம் எழுப்பி, அதன் திறப்பையொட்டிப் பெருவிருந்து வைத்தார். பிற சமயத்தாரும் அழைக்கப்பட்டனர். அவரவர் சாதி முறைப்படி உணவு ஏற்பாடாயிற்று. ஒரே ஆண்டு, ஒரே எழுத்தாளர். ஓரிடத்தில் சுவர் விழுகிறது. மற்றோரிடத்தில் பந்தி பிரிகிறது. இரண்டையும் அருகருகே வைக்கும்போது, 'அக்காலக் கிறிஸ்தவர்கள் இப்படித்தான்' என்ற ஒற்றை வரி முடிபுகள் தாமாக உதிர்ந்துவிடுகின்றன.

இரண்டாம் பகுதி வேதனையானது. 1748 செப்டம்பர்; ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த காலம். சம்பா கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் அப்போது இடிக்கப்பட்டது. ஆளுநரின் துணைவியாரும் இயேசு சபைக் குருக்களும் இதில் கொண்ட பங்கைப் பிள்ளை ஆறாத மனத்தோடு எழுதுகிறார். கேர்தூ அடிகளார் இலிங்கத்தைச் சம்மட்டியால் உடைத்தார் என்றும் அவர் ஏடு சொல்கிறது. சமற்கிருதம் இலத்தீன், கிரேக்க மொழிகளோடு உறவுடையது என்பதைப் பிற்காலத்தில் பாரீசு அறிஞர்களுக்கு எடுத்தெழுதி மொழியியல் வரலாற்றில் இடம்பெற்றவரும் இதே அடிகளார்தாம். ஒரு மனிதரிடம் இரண்டும் இருந்தன என்பதை ஏற்பது பிள்ளைகளுக்கு மட்டுமன்று, நமக்கும் எளிதாக இல்லை.

இதைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்று பெற்றோர் சிலர் வருத்தத்தோடு கேட்டனர். நம் நம்பிக்கை தளராதா? பிறர் நம்மைப் பழிக்க நாமே கருவி தரலாமா? அந்தக் கவலையை நாம் எள்ளி ஒதுக்கவில்லை. சிறுபான்மையாக வாழும் மக்களின் அச்சம் அது. ஆனால் மறைப்பதால் என்ன காப்பாற்றப்படுகிறது? இன்று இந்நிகழ்ச்சி கைப்பேசிக்குள் வந்து நிற்கிறது, அதுவும் வெறுப்பின் மொழியில். வீட்டிலும் பங்கிலும் ஒருபோதும் கேட்டிராத செய்தியைப் பகைவர் வாயில் முதன்முதல் கேட்கும் இளைஞன், அந்தச் செய்தியால் மட்டும் அதிர்வதில்லை. நாம் மறைத்தோம் என்பதே அவனை அதிகம் உலுக்குகிறது.

நற்செய்தியாளர்கள் அப்படி மறைக்கவில்லை. திருச்சபையின் பாறையாகிய பேதுரு ஆண்டவரை மும்முறை மறுதலித்ததை நால்வரும் எழுதி வைத்தனர். திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1881 இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை ஆய்வாளருக்குத் திறந்தார். பொய்யைச் சொல்லத் துணியாமையும் உண்மையைச் சொல்ல அஞ்சாமையுமே வரலாற்றின் நெறி என்ற பழைய விதியை 1883 இல் நினைவூட்டினார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000 மார்ச் 12 அன்று, திருச்சபையின் மக்கள் இழைத்த தவறுகளுக்காக இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். நம் பங்குகளின் விழா மலர்கள் மட்டும் புகழுரைகளோடு நின்றுவிடுவது ஏன்?

மறுபக்கத் தவறு ஒன்றும் உண்டு. ஏட்டில் இருப்பதாலேயே அது தீர்ப்பு என்று கொள்ளும் தவறு. பிள்ளை தாம் கண்டதோடு பிறர் சொல்லக் கேட்டதையும் எழுதுகிறவர். 1746 இல் கனகராய முதலியார் இறந்தபின், அந்தப் பதவிக்குக் கிறிஸ்தவர் ஒருவரே வரவேண்டும் என்று குருக்கள் முயன்றனர். ஆளுநரின் துணைவியாரோடும் பிள்ளைக்கு ஓயாத பிணக்கு. இவற்றை மறந்து அவர் எழுத்தைப் படிப்பது, ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதுவதாகும். அதற்காக அவர் சொன்னது பொய்யாகிவிடாது. கோயில் இடிந்தது உண்மை. அவர் துயரமும் உண்மை. சாட்சியை எடை போடுவது வேறு, சாட்சியை வாயடைப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பதினாறு வயதில் கற்ற பிள்ளை, பின்னாளில் எந்த மேடைப் பேச்சுக்கும் எளிதில் இரையாகாது.

இம்முறையை மேற்கொள்ளும் ஆசிரியருக்குச் சில சொற்கள். முழு நூலையும் பிள்ளைகள்மேல் சுமத்த வேண்டாம். ஒரு பக்கம் போதும். பழந்தமிழ் நடையும் பிறமொழிச் சொற்களும் மிகுந்த ஏடாதலால், முதலில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். காதில் விழும்போது அது பெரும்பாலும் பேச்சுத் தமிழாகவே விளங்கும். முடிவை முன்கூட்டிச் சொல்லாதிருக்க வேண்டும். பிள்ளைகள் மௌனமாக இருந்தால் அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வகுப்பில் அமர்ந்திருப்பவர்களில் சுவரின் இருபுறத்தாரின் வழித்தோன்றல்களும் இருக்கக்கூடும் என்பதை ஆசிரியர் மறக்கலாகாது.

நம் வகுப்பிலும் அப்படியே. முடியும் தறுவாயில் ஒரு மாணவி மெல்லிய குரலில் கேட்டாள்: "சுவரை இடித்த பிறகு, அவர்கள் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்களா?" வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகற்றப்பட்டது என்று சொன்னோம். இன்றும் சில கல்லறைத் தோட்டங்களில் இறந்தோரும் பிரிந்தே கிடக்கின்றனர் என்பதை நாம் சொல்லவில்லை. அதை அவளே சொன்னாள். அவள் பாட்டியை அடக்கம் செய்த இடத்தைப் பற்றி.

அதற்குப் பின் நாம் கற்பிக்க அன்று ஒன்றும் இருக்கவில்லை. ஏட்டை மூடிவிட்டு, எல்லாருமாக எழுந்து நின்று செபித்தோம்.