சுடாமல் விட்ட ஏழு குண்டுகள்

சென்ற ஞாயிறு பள்ளிக்கால நண்பர்கள் நாங்கள் நான்கு பேர் சென்னையில் ஓர் ஏர் ரைஃபிள் ரேஞ்சில் அரைநாள் இருந்தோம். 10 மீட்டர் தூரம், நின்றபடி ஆளுக்குப் பத்து குண்டு. மெரினாவில் பலூன் சுட்டே பெயர் வாங்கிய நண்பன் எடுத்தது 100க்கு 52. வங்கியில் இருப்பவன் 58. நான் 64. அதுவரை துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத எங்கள் தோழி, பள்ளி ஆசிரியை, 71.

வரிசை ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. தோழி பத்து குண்டு சுட ரைஃபிளைப் பதினேழு முறை தூக்கினாள். ஏழு முறை சுடாமலே இறக்கிவிட்டாள். பலூன் நண்பன் பத்து முறை தூக்கினான், பத்து முறையும் சுட்டான்.

பலூனில் ஓரத்தில் பட்டாலும் வெடிக்கும், நடுவில் பட்டாலும் வெடிக்கும். இங்கே அப்படியில்லை. பத்துப் புள்ளிக்கான வெண்பொட்டின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். நாம் போடும் பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். பொட்டைத் தொட்டால் 10.0, நட்டநடுவில் விழுந்தால் 10.9. பெல்லட்டின் மையம் கால் மில்லிமீட்டர் விலகும்போதெல்லாம் தசமத்தில் ஒரு புள்ளி போய்விடும். ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இந்தப் பொட்டை நோக்கி 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்தார், சராசரியாக ஒரு குண்டுக்கு 10.5க்கும் மேல். கிடைத்தது 10ஆம் இடம். இறுதிச்சுற்றுக்குப் போவது எட்டுப் பேர்தான்.

பயிற்சியாளர் எங்களுக்கு முதலில் சொன்னது, "எலும்பு தாங்கணும், சதை தாங்கக் கூடாது." இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, இடுப்பைச் சற்று முன்தள்ளி நின்றால் ரைஃபிளின் எடை எலும்பு வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. கண்ணை மூடித் திறக்கச் சொன்னார். குழல் இலக்கின் கருவட்டத்தை விட்டு விலகியிருந்தால் கையால் இழுக்கக் கூடாதாம். பாதத்தைத்தான் நகர்த்த வேண்டும். பாதி மூச்சை விட்டு நிறுத்தி, குழல்முனையில் உள்ள முன்வளையத்துக்குள் கருவட்டம் அமர்ந்ததும் விரலை மெல்ல அழுத்த வேண்டும். பத்து விநாடிக்குள் குண்டு போகவில்லையா, இறக்கிவிடு. அதற்கு மேல் பிடித்திருந்தால் கை நடுங்கும், கண் ஏமாற்றும்.

இந்தக் கடைசிப் பாடம்தான் கடினம். என் எட்டாவது குண்டு 9, ஒன்பதாவது 8, பத்தாவது 3. அந்தப் பத்தாவதில் வளையம் ஆடுவதை நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் விரலுக்குப் போய்விட்டது.

அமெரிக்கத் துப்பாக்கி வீரர் மேத்யூ எம்மன்ஸை அன்று மாலை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி. கடைசிக் குண்டில் 7.2 எடுத்தாலே தங்கம். சுட்டார்; அவருடைய இலக்கில் எதுவும் பதியவில்லை. குண்டு பக்கத்துத் தடக்காரரின் இலக்கில் இருந்தது. பூஜ்யம், எட்டாமிடம். வழக்கமாக இலக்குக்கு மேலே உள்ள எண்ணைப் பார்த்துவிட்டு ரைஃபிளைக் கீழே கொண்டுவருபவர், அன்று மனத்தை அடக்குவதிலேயே கவனமாக இருந்து எண்ணைப் பார்க்கத் தவறினார். 2008 பெய்ஜிங்கில் அதே போட்டி, கடைசிக் குண்டுக்கு முன் 3.3 புள்ளி முன்னிலை. கருவட்டத்தை நோக்கி இறங்கும்போதே விரல் ட்ரிகரில் பட்டுவிட்டது. 4.4, நான்காமிடம். 2012 லண்டனில் கடைசிக் குண்டு 7.6, வெள்ளி நழுவி வெண்கலம்.

இதையெல்லாம் 'பதற்றம்' என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏதென்ஸில் தவறியது வரிசைமுறை, பெய்ஜிங்கில் தவறியது விரல். இரண்டும் வேறு வேறு பிழை. கடைசிக் குண்டுவரை தங்க வாய்ப்போடு வந்து நின்றவரைப் பலவீனர் என்பது அநியாயம்.

அதே பெய்ஜிங்கில் ஆகஸ்ட் 11 அன்று, 10 மீட்டர் ஏர் ரைஃபிளில், அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனும் கடைசிக் குண்டுக்குச் சமநிலையில் வந்தார்கள். ஹாக்கினன் 9.7, பிந்த்ரா 10.8. ஹாக்கினனுடைய குண்டின் மையம் பொட்டின் நடுவிலிருந்து மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விலகியது. பிந்த்ராவுடையது அரை மில்லிமீட்டருக்குள் நின்றது. பிந்த்ராவுக்குத் தங்கம், ஹாக்கினனுக்கு வெண்கலம். நம் நாட்டின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை அந்த இடைவெளியில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

தோழியிடம் கேட்டேன், ஏழு முறை ஏன் இறக்கினாய் என்று. "சரியா இல்லைன்னு தெரிஞ்சுது, இறக்கிட்டேன். எட்டாவது குண்டுக்கு மட்டும் ரெண்டு தடவை" என்றாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம், அவள் அவசரப்படவில்லை. அந்த எட்டாவது குண்டு 10.

கிளம்பும் முன் பலூன் நண்பன் இன்னும் ஐந்து குண்டு வாங்கினான். மூன்றாவதுக்குத் தூக்கினான், முகம் இறுகியது, பிறகு மூச்சை விட்டு ரைஃபிளை இறக்கி மேசையில் வைத்தான். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பாதத்தை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினான். அடுத்து அவன் தூக்கும்வரை நாங்கள் மூவரும் பேசவே இல்லை.