நங்கூரம் போட்ட படகுக்குச் சூரிய விளக்கு போதுமா?

லங்காவியின் குவா விரிகுடாவில் பொழுது சாய்ந்தால், நங்கூரம் போட்டிருக்கும் பாய்மரப் படகுகள் பலவற்றில் காற்றூதி விரிக்கும் சூரிய விளக்குகள் எரியத் தொடங்கும். லூசி என்ற பெயரால் பிரபலமான வகை. நான் சோதித்தது அதே வடிவில் வேறொரு நிறுவனம் செய்தது. அட்டையில் 65 லூமன், 24 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒரே இரவில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

முழு வெளிச்சத்தில் வைத்தால் நள்ளிரவுக்குப் பின் மங்கி, மீன்பிடி படகுகள் கரை திரும்பும் விடியற்காலையில் அணைந்தே போகிறது. குறைந்த வெளிச்சத்தில் விடியும்வரை தாக்குப்பிடிக்கிறது. ஆனால் ரப்பர் படகில் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தால், கரை விளக்குகளுக்கு நடுவே அதைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

கடலில் மோதலைத் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டு சர்வதேச விதிகளின்படி, நங்கூரத்தில் நிற்கும் சிறு படகின் வெள்ளை விளக்கு எல்லாப் பக்கமும் 2 கடல்மைல் தூரம் தெரிய வேண்டும். அதற்கு 4.3 கேண்டெலா ஒளி தேவை. 65 லூமன் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவினால் சுமார் 5 கேண்டெலா கிடைக்கும். அதாவது புது பேட்டரியோடு, முழு வெளிச்சத்தில் மட்டுமே இந்த விளக்கு விதியை எட்டிப் பிடிக்கிறது. லங்காவியில் ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். உள்ளங்கை அளவுத் தகடு பகலில் சேர்ப்பது அத்தனை நேரத்துக்குக் காணாது. மழை மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

தோட்டத்தில் குத்திவைக்கும் மலிவு விளக்குகளைப் படகின் கம்பியில் செருகிவிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடிப்பது ஒருபுறம்; பக்கத்தில் வேறு வெளிச்சம் பட்டால் பொழுது விடிந்ததாக எண்ணி அவை அணைந்துவிடும். அப்படிப்பட்ட வெளிச்சத்துக்கு இங்கே பஞ்சமில்லை: அந்தமான் கடலில் கணவாய் பிடிக்கும் படகுகள் பச்சை விளக்குகளால் வானத்தையே வெளுக்க வைப்பவை.

சூரிய சக்தியே ஆகாது என்பதல்ல என் வாதம். தகடும் விளக்கும் ஒரே டப்பாவுக்குள் இருப்பதுதான் சிக்கல். பாய்மர உச்சியில் 2 வாட் எல்இடி நங்கூர விளக்கு இரவு முழுக்க எரிந்தாலும் 24 வாட்-மணிதான் இழுக்கும். நல்ல வெயிலில் 20 வாட் தகடு ஒரே நாளில் அதைப்போல மூன்று மடங்கு சேர்த்துவிடும். பழைய 10 வாட் குண்டு பல்புக்கு அதே இரவில் 120 வாட்-மணி வேண்டியிருந்தது. கடல் விளக்காகச் சான்று பெற்றதையே வாங்குங்கள். சில எல்இடி விளக்குகள் விஎச்எஃப் வானொலியையும் கப்பல்களை அடையாளம் காட்டும் ஏஐஎஸ் கருவியையும் குழப்புவதாக அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் எச்சரித்தது. ஆகவே பொருத்தியதும் விளக்கை எரியவிட்டு வானொலியில் பேசிப் பாருங்கள்.

காற்றூதி விளக்கை நான் கைவிடவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு அருமையான வெளிச்சம், நீரில் விழுந்தாலும் மிதக்கிறது, வயர் இழுக்கும் வேலையே இல்லை. நங்கூரத்தில் நிற்கும்போது உச்சி விளக்கோடு சேர்த்து இதைத் தாழ்வாகத் தொங்கவிட்டால், தலை நிமிர்ந்து பார்க்காத சிறுபடகுக்காரர் கண்ணிலும் படும். பாய் விரித்து ஓடும்போது மட்டும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். அப்போது காட்ட வேண்டியவை பக்கவாட்டில் சிவப்பும் பச்சையும், பின்னால் வெள்ளையும். எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளையைக் கண்டால், எதிரே வருபவர் உங்கள் படகு நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.