பயணியின் குறிப்பேடும் அரசின் சட்டமும்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாட்டார் பாடல் திரட்டும் ஒப்படை ஒன்று தந்தார்கள். ஊரிலுள்ள வயதான பெண்களிடம் கேட்டு, கவிகள் பலவற்றை எழுதிக்கொண்டு போனேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. பாடியவர்களின் பெயர்களை நான் எழுதவில்லை, எவரும் கேட்கவுமில்லை. பிறேசில் எழுத்தாளர் மரியோ டி அந்த்ராடேயைப் பற்றி வாசித்தபோதுதான் அந்தத் தவறு எனக்கு உறைத்தது.

அந்த்ராடே (1893 - 1945) சாவோ பாவுலோ நகரத்தவர். கவிஞர், இசை ஆசிரியர். 1922இல் அங்கு நடந்த நவீன கலை வாரத்தின் முன்னோடிகளுள் ஒருவர். 1924இல் மினாஸ் ஜெராய்ஸின் பழைய நகரங்களுக்கும், 1927இல் அமேசன் நதி வழியே பெரு வரைக்கும், 1928 - 29இல் வடகிழக்குப் பிரதேசத்துக்கும் சென்றார். அவரது பயணக் குறிப்புகள் 1976இல்தான் நூலாயின. அதில் அவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் 'கற்றுக்குட்டிப் பயணி'. இசைச் சுரங்களாலேயே பேசும் பழங்குடி ஒன்றைக் கற்பனையாகப் படைத்து, ஆராய்ச்சியாளரின் மேதாவித்தனத்தைக் கேலி செய்கிறார். வடகிழக்கிலோ சிக்கோ அந்தோனியோ என்ற கிராமத்துப் பாடகரிடம் மாணவனைப்போல் அமர்ந்து, கேட்டுக் கேட்டுச் சுரப்படுத்துகிறார். பெயரையும் மறக்கவில்லை.

இந்தப் பணிவே பின்னர் கொள்கையாயிற்று. 1935இல் சாவோ பாவுலோ மாநகரின் பண்பாட்டுத் திணைக்களத்துக்கு அவர் முதற் பணிப்பாளரானார். தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சிறுவர் பூங்காக்கள் அமைத்தார். 1936இல் கல்வி அமைச்சர் கப்பனேமாவின் வேண்டுகோளுக்கிணங்க, தேசிய மரபுரிமைச் சேவைக்கான வரைவை எழுதினார். தேவாலயங்களோடு பாட்டு, கதை, நாட்டு வைத்தியம், சமையல் ஆகியனவும் அதில் மரபுரிமையாக இடம்பெற்றன.

ஆனால் 1937 நவம்பரில் வந்த சட்டம் அசையும், அசையாப் பொருட்களையே காத்தது. கட்டடம் பிழைத்தது, பாட்டு வெளியே நின்றது. அதை மரபுரிமையாகப் பதிவுசெய்யும் முறை வர 2000ஆம் ஆண்டின் 3551ஆம் இலக்க ஆணை வரை காத்திருக்க நேர்ந்தது.

1938இல் அவர் நால்வர் கொண்ட குழுவை ஒலிப்பதிவுக் கருவியோடு வடக்குக்கும் வடகிழக்குக்கும் அனுப்பினார். குழு களத்தில் இருக்கையிலேயே அவர் பதவியிழந்தார். குழு பெருந்தொகையான பாடல்களைப் பதிவு செய்தது. அதேவேளை, பேர்னாம்புக்கோவில் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் வழிபாட்டிடங்களில் பொலிஸார் பறித்த புனிதப் பொருட்களும் அச்சேகரிப்பில் சேர்ந்தன. அரசின் ஒரு கை மேளத்தைப் பறித்தது. மறு கை அதைக் காட்சிப்பொருளாக வாங்கிக்கொண்டது. அந்த்ராடேயைப் போற்றுவோர் இந்த முரணைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. பாடுபவரைப் பாதுகாக்காமல் பாட்டை மட்டும் பாதுகாப்பது அரைவேலை.

எனினும் என் மதிப்பில் அவர் தாழவில்லை. நகரத்துக் கவிஞர் ஒருவர் தம் அறியாமையை ஒப்புக்கொண்டு புறப்பட்ட பயணங்களே, மரபுரிமை என்ற சொல்லை ஓர் அரசு கல்லுக்கு அப்பாலும் விரித்துப் பார்க்க வழிசெய்தன. அது நடந்தேற அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அக்காலத்துக்குள் பாடியவர்கள் பலர் மண்ணுக்குள் போய்விட்டனர்.

என் ஒப்படையில் இருந்த கவிகள் இப்போதும் நினைவிலுண்டு. பாடிய உம்மாமார் யார் யாரென்று இனி யாரிடம் கேட்பேன்?