அறையும் அயலும்: சாம் செல்வொனின் இலண்டன் நாவல்களில் குடியிருப்புப் பிரச்சினை

புதியதொரு நாட்டிலே சென்றிறங்கும் மனிதன் எதிர்நோக்கும் முதல் வினா, அன்றிரவு எங்கே தங்குவது என்பதாகும். தொழில், கல்வி, உறவு முதலிய ஏனைய வினாக்கள் அதன் பின்னரே எழுகின்றன. முதல் வினாவுக்குக் கிடைக்கும் விடையோ பின்னையவற்றுக்கான விடைகளையும் பெருமளவு தீர்மானித்துவிடுகின்றது. அவன் யாரோடு பழகுவான், அவனுடைய பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்குச் செல்வர், எந்தக் கடையில் அவனுக்குக் கடன் கிடைக்கும் என்பனவெல்லாம் அவன் குடியேறும் தெருவைப் பொறுத்தனவாகவே அமைகின்றன. இவ்வுண்மையை ஆங்கில நாவல் இலக்கியத்திலே தெளிவாக உணர்த்தியவர்களுள் சாம் செல்வொன் முக்கியமானவர். 1956இல் வெளிவந்த அவருடைய 'த லோன்லி லண்டனர்ஸ்' (தனித்துப்போன இலண்டன்வாசிகள்) என்னும் நாவலின் மொழிநடை பற்றியும், தொடர்ச்சியற்ற கதையமைப்புப் பற்றியும், அங்கதம் பற்றியும் விமர்சகர்கள் விரிவாகவே எழுதியுள்ளனர். எனினும், அந்நாவல் குடியிருப்பைப் பற்றிய ஒரு விவாதம் என்னும் கோணத்தில் நோக்கப்படும்போதே அதன் ஆற்றலும் குறைபாடும் ஒருங்கே புலப்படுகின்றன.

செல்வொன் 1923இல் திரினிடாட்டிலே பிறந்தவர். அவருடைய தந்தையார் சென்னைப் பக்கத்திலிருந்து அத்தீவுக்குச் சென்று குடியேறிய தமிழ்க் கிறித்தவர். செல்வொன் 1950இல் இலண்டன் சென்றார். 1978இல் கனடாவுக்கு இடம்பெயர்ந்தார். 1994இல் திரினிடாட்டிலே காலமானார். இடம்பெயர்தல் அவருக்குக் குடும்ப வரலாறாகவும் சொந்த அனுபவமாகவும் இருந்தது. ஆயினும் இந்நாவலின் மாந்தர் பெரும்பாலும் ஆபிரிக்க வழிவந்த மேற்கிந்தியத் தொழிலாளரே. தம் இனக்குழுவின் எல்லையைக் கடந்து, ஒரே நகரத்தில் ஒரே வகையான கதவடைப்புக்கு உள்ளானோர் அனைவரையும் அவர் ஒருசேர நோக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

நாவலின் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவது பயனுடையது. 1948ஆம் ஆண்டின் பிரித்தானியப் பிரசாவுரிமைச் சட்டம் குடியேற்ற நாட்டு மக்களுக்குப் பிரித்தானியாவில் வாழும் உரிமையை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு யூன் மாதத்தில் 'எம்பயர் வின்ட்ரஷ்' என்னும் கப்பல் மேற்கிந்தியப் பயணிகளோடு ரில்பரித் துறைமுகத்தை அடைந்தது. அவர்களுள் தங்குமிடம் ஏற்பாடு செய்யாது வந்த 200க்கு மேற்பட்டோர், யுத்த காலத்திலே குண்டுவீச்சுக்கு அஞ்சி அமைக்கப்பட்ட கிளப்பம் சவுத் நிலவறையிலே தங்கவைக்கப்பட்டனர். அவ்விடத்திற்கு அண்மையிலிருந்த தொழில் வழங்கும் நிலையம் பிறிக்ஸ்ரனில் இருந்தது. தொழில் தேடிச் சென்றோர் அதன் சுற்றாடலிலேயே அறைகளையும் தேடிக்கொண்டனர். பின்னாளில் மேற்கிந்தியரின் தலைநகர் போலப் புகழ்பெற்ற பிறிக்ஸ்ரன் இவ்வாறே தோன்றலாயிற்று. அங்கு முதலில் குடியேறியோர் அதனை விரும்பித் தெரிந்தெடுத்தனர் என்று கூறுதல் கடினம். ஒரு நிலவறையும் ஓர் அலுவலகமும் அவர்களுக்காகத் தெரிந்தெடுத்தன எனலாம். ஏனைய பகுதிகளிலோ, நிறத்தவருக்கு இடமில்லை என்ற அறிவித்தல்கள் வாடகை அறைகளின் யன்னல்களிலே வெளிப்படையாகத் தொங்கின. வீட்டு வாடகையில் இன பேதம் காட்டுதல் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே சட்டவிரோதமாக்கப்பட்டது. செல்வொன் தம் நாவலை எழுதிய காலத்தில் அது எவராலும் கேள்விக்குட்படுத்த முடியாத வழமையாக இருந்தது.

நாவல் தொடங்குவதே இப்பிரச்சினையோடுதான். பனிப்புகார் மூடிய குளிர்கால மாலையொன்றில், முன்பின் அறியாத ஒருவனை வரவேற்பதற்காக மோசஸ் வோட்டர்லூப் புகையிரத நிலையத்திற்குச் செல்கின்றான். ஊரிலுள்ள யாரோ கொடுத்த அறிமுகத்தைத் தவிர அவ்விருவருக்குமிடையில் தொடர்பு எதுவுமில்லை. மோசஸ் பல ஆண்டுகளாகவே இப்பணியைச் செய்து வருபவன். அவனிடம் ஒரு கொள்கையும் இருக்கின்றது. வருபவர்களைத் தான் வாழும் பேய்ஸ்வோட்டர்ப் பகுதியில் குவியவிடாது, நகரத்தின் பல பாகங்களுக்கும் அவன் பிரித்தனுப்பி விடுகின்றான். ஓரிடத்திலே திரண்டால் வெள்ளையரின் வெறுப்பும் திரளும் என்பது அவனது கணிப்பு. அதனை வெறும் சுயநலம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. 1958இல் நொற்றிங் ஹில் பகுதியில் நிகழ்ந்த இனக் கலவரங்கள், நாவல் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில் அவ்வச்சத்துக்கு ஆதாரமிருந்ததைக் காட்டின.

ஆனால் இக்கொள்கையை மோசஸின் வாழ்க்கையே மறுதலிக்கின்றது என்பதுதான் நாவலின் மையமான முரண். ஞாயிறு காலைகளில் அவனால் பிரித்தனுப்பப்பட்ட அத்தனை பேரும் அவனுடைய சிற்றறையிலே வந்து கூடுகின்றனர். கட்டிலிலும் நிலத்திலும் அமர்ந்து, ஊர்க் கதைகளைப் பேசிக் கலைகின்றனர். மோசஸ் சலித்துக்கொள்கின்றான், ஆனால் கதவை அடைப்பதில்லை. புதிதாக வந்த கலகாட் எவருடைய துணையுமின்றித் தொழில் தேடப்போவதாக வீரம் பேசிப் புறப்பட்டு, சன நெரிசலின் நடுவே திகைத்து நிற்கும் வேளையில் அவனை மீட்பவனும் மோசஸே. சிதறி வாழ்வது பாதுகாப்பு என்று அறிவு கூறுகின்றது; கூடி வாழாவிடின் மனம் பேதலித்துவிடும் என்று அனுபவம் கூறுகின்றது. இவ்விரண்டையும் இணக்கப்படுத்தும் எளிய தீர்வெதனையும் செல்வொன் முன்வைக்கவில்லை. நாவலின் இறுதியிலே தேம்ஸ் நதிக்கரையில் நிற்கும் மோசஸின் சோர்வு இந்த இணக்கமின்மையின் சோர்வேயாகும்.

கூடி வாழ்தலை ஆசிரியர் இலட்சியமயப்படுத்தவில்லை என்பதும் கவனத்திற்குரியது. அதே வோட்டர்லூ நிலையத்துக்கு இன்னொருவனும் வருகின்றான். பிறிக்ஸ்ரனிலே வீடுகளை வாங்கி வைத்திருக்கும் ஜமெய்க்காக்காரன் அவன். கப்பலில் வந்திறங்கும் தன் நாட்டவருள் வாடகைக்காரரைத் தேடுவதே அவனது நோக்கம். திக்கற்று நிற்போரின் தேவை அவனுக்கு நல்ல வியாபாரம். ஊரவன் என்பதற்காக வாடகையை அவன் குறைப்பதுமில்லை. வெள்ளையர் அடைத்த கதவினால் இலாபம் பெறுவோர் வெள்ளையர் மட்டுமல்லர் என்ற உண்மையைச் சில பக்கங்களிலேயே செல்வொன் உணர்த்திவிடுகின்றார். 'நம்மவர் மத்தியில்' வாழ்தல் என்னும் சொற்றொடரின் பின்னே மறைந்துள்ள வர்க்க உறவினை இப்பகுதி வெளிப்படுத்துகின்றது. புலம்பெயர்வு பற்றிய எழுத்துக்கள் பலவற்றிற் காணப்படும் மிகையுணர்ச்சி இந்நாவலில் இடம்பெறாமைக்கு இத்தெளிவே காரணமாகும்.

மோசஸின் சிதறலுக்கும் வீட்டுச் சொந்தக்காரனின் குவியலுக்கும் அப்பால், நாவலில் மூன்றாவது வழியொன்றும் இருக்கின்றது. அதனை வாழ்ந்து காட்டுபவள் டான்டி பெஸி. தாயை மாத்திரம் எதிர்பார்த்து நின்ற டொல்ரோய், முழுக் குடும்பமும் கப்பலில் வந்திறங்கியதைக் கண்டு திடுக்கிடுகின்றான். அக்குடும்பத்தோடு வந்தவளே இம்முதியவள். 'டான்டி' என்பது, மாமி, சின்னம்மா என்றெல்லாம் அழைப்பது போன்ற ஓர் உறவுமுறைச் சொல். ஹாரோ வீதிக்கு அண்மையிலுள்ள வறியதொரு தெருவில் அவர்கள் குடியமர்கின்றனர். அத்தெருவிலே வெள்ளைத் தொழிலாளரும் வாழ்கின்றனர். டான்டி அங்குள்ள கடைக்குச் செல்கின்றாள், பொருள்களை எடுத்துக்கொள்கின்றாள், வெள்ளிக்கிழமை பணம் தருவதாகக் கூறி வந்துவிடுகின்றாள். கடன் கொடுத்துப் பழக்கமில்லாத ஆங்கிலேயக் கடைக்காரன் மறுக்க வகையின்றி நிற்கின்றான். நாளடைவில் அயலவர் பலருக்கும் அவ்வழமை உரியதாகிவிடுகின்றது. அப்பகுதியைத் தாண்டிச் செல்லாத அவள், வேலைக்குச் சென்ற டொல்ரோயின் தாய் எடுத்துச் சென்றுவிட்ட திறப்பை வாங்குவதற்காக, நிலக்கீழ்ப் புகையிரதத்திலும் பஸ்ஸிலும் ஏறிப் பெருநகரத்தின் நடுப்பகுதிக்குச் சென்று மீள்கின்றாள். ஒரு திறப்புக்காக நகரத்தையே திறந்துவிடும் இந்நிகழ்ச்சி நாவலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்றாகும்.

ஆண் பாத்திரங்களுக்கு இலண்டனிலே கிடைத்தது அறை. டான்டிக்குக் கிடைத்தது அயல். அதுவும் தானாகக் கிடைத்ததன்று. ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கங்களைப் புதிய தெருவின் பழக்கங்களோடு மோதவிட்டு அவள் ஆக்கிக்கொண்டது. பல ஆண்டுகளாக வாழ்ந்தும் மோசஸுக்குக் கைகூடாதது வந்த சில நாள்களிலேயே அவளுக்குக் கைகூடியது எவ்வாறு? மோசஸ் நகரத்தை ஒரு தங்குமிடமாகக் கருதினான். ஆண்டுதோறும் ஊர் திரும்புவதைப் பற்றி எண்ணியவாறே வாழ்ந்தான். தற்காலிகமாகத் தங்குபவன் கடைக்காரனோடு வாதிடுவதில்லை. வாழ வந்தவளே வாதிடுவாள்.

இங்கேதான் நாவலின் பிரதான குறைபாட்டையும் சுட்டவேண்டியுள்ளது. தாம் படைத்த பாத்திரத்தின் முக்கியத்துவத்தை ஆசிரியர் முழுமையாக உணர்ந்தாரெனக் கூற முடியாது. டான்டி நகைச்சுவைப் பாத்திரமாகவே கையாளப்படுகின்றாள். சில காட்சிகளின் பின் நாவல் மீண்டும் ஆண்களின் உலகத்துக்கே திரும்பிவிடுகின்றது. ஏனைய பெண்களோ ஆண்களின் இன்ப நாட்டத்திற்கு இலக்காக மாத்திரமே தோன்றுகின்றனர். தனிமையின் காரணங்களுள் நிறவெறியையும் வறுமையையும் கண்ட ஆசிரியர், தம் ஆண் மாந்தர் பெண்களை நோக்கிய முறையையும் அவற்றுள் ஒன்றாகக் காணத் தவறிவிட்டார்.

இக்குறையை அவர் பிற்காலத்தில் ஓரளவு நிவர்த்தி செய்தார். 1965இல் வெளியான 'த ஹவுசிங் லார்க்' என்னும் நாவலில், வாடகைக் கொடுமையினின்றும் விடுபடச் சில நண்பர்கள் கூட்டாகப் பணஞ் சேர்த்து ஒரு வீட்டை வாங்கத் திட்டமிடுகின்றனர். சீட்டுப் பிடித்து வீடு வாங்கும் வழக்கத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதுமையன்று. மேற்கிந்தியரும் அத்தகைய கூட்டுச் சேமிப்பினாலேயே தம் முதல் வீடுகளைப் பெருமளவு வாங்கினர். நாவலிலோ பொறுப்பாளனாகிய பற் சேர்ந்த பணத்தைச் செலவழித்துவிடுகின்றான். ஆண்களின் பொறுப்பின்மையைக் கண்டித்துத் திட்டத்தைத் தூக்கி நிறுத்த முனைபவர்கள் பெண்களே. 1975இல் வந்த 'மோசஸ் அசெண்டிங்' எதிர்த்திசையிலிருந்து இதே கருத்தை வலியுறுத்துகின்றது. ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியிலே பழைய வீடொன்றை வாங்கும் மோசஸ், அதன் மேல்மாடியில் அமர்ந்து, கீழே வாழ்வோரினின்றும் விலகிவிட எண்ணுகின்றான். ஈற்றில் அவன் நிலவறைக்கே இறங்க நேர்கின்றது. அயலைத் துறந்து வீட்டை மட்டும் பெற்றவன் அவ்வீட்டையும் முழுமையாக அடைவதில்லை.

செல்வொனின் இந்நாவல்கள் தமிழ் வாசகருக்கு இன்று தூரத்து இலக்கியமல்ல. 1983இன் பின்னர் இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் இலண்டனின் ஈஸ்ற்ஹாம், ரூற்றிங், ஹாரோ முதலிய இடங்களிலும், ரொறொன்ரோவின் ஸ்காபரோவிலும் குடியேறினர். முன்னே சென்றவன் இருந்த தெருவுக்கே பின்னே சென்றவனும் போனான். கூடி வாழ்ந்தால் மொழி நிலைக்குமா, சிதறி வாழ்ந்தால் பிள்ளைகள் முன்னேறுவரா என்னும் வாதம் அவ்வீடுகளிலும் நிகழ்ந்து வந்துள்ளது. அவ்வாதத்தில் ஈடுபடுவோர் பெரும்பாலும் மோசஸின் கணக்கையே போடுகின்றனர்: எத்தனை பேர், எவ்வளவு தூரம், என்ன வாடகை. டான்டியின் கேள்வி வேறு. இந்தத் தெருவிலே யாரோடு பேசத் தொடங்கலாம் என்பதே அது. செல்வொன் அக்கேள்வியைத் தம் நாவலின் ஓரத்தில் விட்டுச் சென்றார். புலம்பெயர் வாழ்வை எழுத முனையும் தமிழ்ப் படைப்பாளி அதனை மையத்துக்குக் கொண்டுவருவானாயின், செல்வொன் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு படி முன்னே சென்றவனாவான்.